பதம் பார்க்கும் படிப்பு

கார் தொழிற்சாலையில் பெயிண்ட் பூசும் கூடத்தின் கடைசியில் நீளமான அடுப்பு ஒன்று இருக்கும். பூச்சு முடிந்த கார்க்கூடு அதற்குள் மெதுவாக நகர்ந்து போகும். உள்ளே சுமார் 170 டிகிரி செல்சியஸ் வெப்பம். இருபது நிமிடம் போல அந்தச் சூட்டில் இருந்துவிட்டு மறுமுனையில் பளபளவென்று வெளியே வரும். பெயிண்ட் காய்வதற்குத்தான் இந்த அடுப்பு என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அடுப்பு வைத்ததும் அதற்காகத்தான். ஆனால் அந்த இருபது நிமிடத்தில் இன்னொரு காரியமும் சத்தமில்லாமல் நடந்து முடிகிறது. கதவுத் தகடு முன்னைவிடப் பலமாகிவிடுகிறது.

கதவுக்கும் பானெட்டுக்கும் பல கார்களில் ஒரு தனிவகை எஃகுத் தகட்டைப் பயன்படுத்துகிறார்கள். அச்சில் வைத்து அழுத்தும்போது அது சொன்னபடி வளைந்துகொடுக்கும். வளையும்போது உள்ளே வரிசையாக அடுக்கியிருக்கும் இரும்பு அணுக்களில் ஆங்காங்கே வரிசை பிசகுகிறது. இந்தப் பிசகுகள் நகர முடிவதால்தான் உலோகம் வளைகிறது. அதே தகட்டில் மிக மிகச் சிறிய அளவில் கார்பன் அணுக்கள் கரைந்து கிடக்கின்றன. அடுப்பின் சூடு பட்டதும் அவை ஊர்ந்து போய், பிசகு விழுந்த இடங்களில் குடியேறிவிடுகின்றன. ஆணி அடித்தது போல் ஆகிவிடுகிறது. பிசகு இனி எளிதில் நகராது. நெரிசலில் ஒரு முழங்கை இடித்தாலும் கதவு குழி விழாமல் தாங்குகிறதென்றால், அதற்கு இந்த அடுப்பும் ஒரு காரணம்.

தகட்டில் புதிதாக எதையும் சேர்க்கவில்லை. எதையும் எடுக்கவுமில்லை. அடுப்புக்கு முன்பும் பின்பும் அந்த எஃகில் என்னென்ன தனிமங்கள் எவ்வளவு இருக்கின்றன என்று சோதித்தால் ஒரே விடைதான் வரும். மாறியது அணுக்கள் இருக்கும் இடம் மட்டுமே. ஒரு பொருளின் குணம் அது எதனால் ஆனது என்பதில் மட்டும் இல்லை. அது என்ன பாடுபட்டு வந்தது என்பதிலும் இருக்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை நான்கு ஆண்டுகள் விரித்துப் படிப்பதற்குத்தான் பொருளறிவியல் பொறியியல் என்று பெயர். கல்லூரிப் பட்டியலில் ‘மெட்டீரியல் சயின்ஸ் அண்ட் இன்ஜினியரிங்’ என்று இருக்கும்.

ஒரு பொருள் இப்படிப் பாடுபட்டு அடையும் நிலைக்குத் தமிழில் வெகு காலமாகவே ஒரு சொல் உண்டு: பதம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சுகிறவர் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்க்கிறார். பதம் தப்பினால் மாவு வீண். அரிவாள் அடிக்கும் கொல்லர் அதன் வாயைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்க்கிறார். அப்படியே விட்டால் வாய் கண்ணாடி போல் உடையும் என்று அவருக்குத் தெரியும். ஆகவே மறுபடி இளஞ்சூடு காட்டி, இரும்பின் மேல் வைக்கோல் நிறம் படர்கிறதா, நீலம் படர்கிறதா என்று பார்த்து நிறுத்துகிறார். வைக்கோல் நிறம் என்றால் ஏறத்தாழ 230 டிகிரி, நீலம் என்றால் 300 டிகிரி அளவு. வெப்பமானி இல்லாமல் கண்ணாலேயே அளந்தார்கள். பாகில் மாறுவது நீர் வற்றும் அளவு. இரும்பில் மாறுவது அணுக்களின் அடுக்கு. இரண்டிலும் கையும் கண்ணும் தேடுவது பதத்தைத்தான். ஏன் அந்தப் பதம், ஏன் அந்தச் சூடு என்ற கேள்விக்குக் காரணத்தோடு விடை சொல்லக் கற்பது இந்தப் படிப்பு.

சாலையோரப் பாடசாலை

இதைப் படிக்க நினைக்கும் மாணவருக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெரும் வசதி இருக்கிறது. சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டிப் போனால் இருங்காட்டுக்கோட்டை வரும். அடுத்து ராமானுஜர் பிறந்த ஊரான ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் இறங்கினால் வல்லம் வடகால், ஒரகடம் என்று சிப்காட் தொழில் வளாகங்கள் தொடரும். 1998இல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ கார் இருங்காட்டுக்கோட்டையில் இருந்து வெளிவந்தது. 2000ஆம் ஆண்டு வாக்கில் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி வார்க்கத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டு ஆலையும் அப்போலோ டயர் ஆலையும் வந்தன. 2012இல் டைம்லரின் பாரத்பென்ஸ் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு. இடையில் 2006இல் திறந்த நோக்கியா கைபேசி ஆலை 2014இல் மூடப்பட்டது. ஆனாலும் மின்னணுத் தொழில் இப்பகுதியை விட்டுப் போகவில்லை. ஃபாக்ஸ்கான் போன்ற ஆலைகளில் இன்று ஐஃபோன்கள் பொருத்தப்படுகின்றன.

இந்த ஆலைகளை மோட்டார், மின்னணு, கண்ணாடி, ரப்பர் என்று நாம் தனித்தனித் தொழில்களாகப் பார்க்கிறோம். பொருளறிவியல் படித்தவருக்கு இவை ஒரே பாடத்தின் வெவ்வேறு அத்தியாயங்கள். சூடேற்று, உருவம் கொடு, ஆறவிடு. எவ்வளவு சூடு, எவ்வளவு வேகத்தில் ஆறுகிறது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

கண்ணாடி சொல்லும் பாடம்

முதலில் கண்ணாடி. மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல், டோலமைட் ஆகியவற்றைக் கலந்து 1,500 டிகிரிக்கு மேல் உருக்குகிறார்கள். உருகிய குழம்பை எதன் மேல் ஊற்றினால் இரண்டு பக்கமும் மட்டமாகத் தகடாக வரும்? திடப்பொருள் எதன் மேல் ஊற்றினாலும் அதன் மேடுபள்ளம் கண்ணாடியில் பதிந்துவிடும். பிறகு நாள்கணக்கில் தேய்த்து மெருகேற்ற வேண்டும். நெடுங்காலம் அப்படித்தான் செய்தார்கள். இங்கிலாந்தில் அலஸ்டேர் பில்கிங்டன் என்ற பொறியாளர் ஏழு ஆண்டுகள் முயன்று, 1959இல் ஒரு விடையை அறிவித்தார்: கண்ணாடியை உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்கவிடுவது.

ஏன் வெள்ளீயம்? இந்தக் கேள்வி நல்ல தேர்வுத்தாளில் வர வேண்டிய கேள்வி. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். 2,000 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. கண்ணாடி ஏறத்தாழ 1,100 டிகிரியில் வந்து விழுந்து, மிதந்தபடியே 600 டிகிரிக்கு ஆறி வெளியேறும் வரைக்கும் அடியில் திரவமாகவே இருக்கும். கண்ணாடியைவிடக் கனமானது, அதனோடு கலக்காது. அதன் ஒரே குறை, காற்று பட்டால் ஆக்சைடாகிக் கறுத்துப்போவது. அதனால் அறைக்குள் நைட்ரஜனும் கொஞ்சம் ஹைட்ரஜனும் நிரப்புகிறார்கள். கண்ணாடியை அதன் போக்கில் விட்டால் ஆறேழு மில்லிமீட்டர் தடிமனில் பரவி நின்றுவிடும். மெல்லிய கண்ணாடி வேண்டுமானால் ஓரங்களைப் பிடித்து இழுக்க வேண்டும். பொருள்களின் குணங்களை ஒவ்வொன்றாக எடைபோட்டு ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. இந்த முறையில் இயங்கும் ஆலையின் உலையை நினைத்தபோது அணைக்கவும் முடியாது. இரவு பகலாக, ஆண்டுக்கணக்கில் எரிந்துகொண்டே இருக்கும்.

அடுத்து, அதே கண்ணாடிக்கு வெவ்வேறு பதங்கள். காரின் பக்கக் கண்ணாடியை 620 டிகிரிக்கு மேல் காய்ச்சி, இரண்டு பக்கமும் குளிர்காற்றைப் பீய்ச்சுகிறார்கள். மேற்பரப்பு சட்டென்று இறுகிவிடுகிறது. உட்பகுதி பின்னால் ஆறும்போது சுருங்கப் பார்க்கிறது; இறுகிப்போன மேற்பரப்பைத் தன் பக்கம் இழுக்கிறது. அதனால் மேற்பரப்பு எந்நேரமும் நெருக்குண்டு கிடக்கிறது. கண்ணாடி உடைவது மேற்பரப்பில் ஒரு சிறு கீறல் வாய் பிளப்பதால்தான். நெருக்குண்ட பரப்பில் கீறல் வாய் திறப்பது கடினம். அதையும் மீறி உடைந்தால், அடைபட்டிருந்த விசை ஒரே நொடியில் விடுபட்டு, கற்கண்டுத் துண்டுகள் போலச் சின்னச் சின்னதாக உதிர்கிறது. கத்தி போன்ற சில்லுகள் வருவதில்லை. முன் கண்ணாடிக்கு இது ஒத்துவராது. ஒரு கல் பட்டதும் ஓட்டுநரின் கண்முன்னே எல்லாம் உதிர்ந்துவிடக் கூடாது அல்லவா? அதனால் அங்கே இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு பாலிமர் படலத்தை வைத்து ஒட்டுகிறார்கள். விரிசல் விழுந்தாலும் துண்டுகள் படலத்தைப் பற்றிக்கொண்டு நிற்கும்.

கைபேசித் திரைக்கு மூன்றாவது வழி. அவ்வளவு மெல்லிய கண்ணாடியில் மேற்பரப்புக்கும் உட்பகுதிக்கும் வெப்ப வேறுபாட்டை உண்டாக்க நேரமே கிடைக்காது. ஆகவே அதை ஏறத்தாழ 400 டிகிரியில் உருகிய பொட்டாசியம் நைட்ரேட் உப்பில் மணிக்கணக்காக ஊறவைக்கிறார்கள். கண்ணாடியின் மேற்பரப்பில் இருக்கும் சோடியம் அயனிகள் வெளியேற, அந்த இடங்களில் பொட்டாசியம் அயனிகள் நுழைகின்றன. பொட்டாசியம் உருவத்தில் பெரியது. இருவர் உட்காரும் இருக்கையில் மூவர் நெருக்கி உட்கார்ந்தது போல் மேற்பரப்பு இறுகிவிடுகிறது. காற்று செய்ததை இங்கே உப்பு செய்கிறது. வழி வேறு, தத்துவம் ஒன்று: மேற்பரப்பை நெருக்கு, கீறல் திறக்காது.

நுண்ணோக்கியின் கீழ் எஃகு

இந்தப் படிப்பில் சேரும் மாணவர் எவரும் மறக்காத நாள் ஒன்று உண்டு. உலோக ஆய்வகத்தில் முதன்முதலாக எஃகின் உள்ளே பார்க்கும் நாள் அது.

விரல் நகம் அளவு எஃகுத் துண்டை பேக்கலைட் தூளில் பதித்து ஒரு வில்லையாக்கிக் கொடுப்பார்கள். அதைச் சொரசொரப்பான எமரித் தாளில் தேய்க்கத் தொடங்க வேண்டும். ஒரே திசையில் தேய்த்து, கோடுகளெல்லாம் ஒரே பக்கமாக விழுந்ததும், வில்லையைக் கால் வட்டம் திருப்பி, அடுத்த நேர்த்தியான தாளில் தேய்க்க வேண்டும். பழைய கோடு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. இப்படியே தாள் மாற்றி மாற்றி, கடைசியில் சுழலும் துணியில் வைரப் பசை தடவி மெருகேற்றினால், முகம் பார்க்கலாம் போல் மினுங்கும். ஆசையோடு நுண்ணோக்கியில் வைத்தால் ஒன்றுமே தெரியாது. வெறும் வெளிச்சம்தான். பொறுமை இல்லாதவர் இங்கே ஏமாந்துபோவார்.

பிறகுதான் ஆசிரியர் ஆல்கஹாலில் இரண்டு சதவீதம் நைட்ரிக் அமிலம் கலந்த குப்பியை நீட்டுவார். சில நொடிகள் தோய்த்து, கழுவி, உலர்த்தி, மறுபடி வைத்தால் எஃகு தன்னைத் திறந்து காட்டுகிறது. வயல் வரப்புகள் போல எல்லைக் கோடுகள்; வரப்புகளுக்குள் வெள்ளைத் திட்டுகள்; அவற்றினிடையே கைரேகை போல நெருக்கமான வரிகள். அந்த வரிகளில் ஒன்று மென்மையான இரும்பு. அடுத்தது கார்பனும் இரும்பும் சேர்ந்த கடினமான சேர்மம். இரண்டும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. சிப்பியின் உட்புறம் போல மினுங்குவதால் இதற்குப் பியர்லைட் என்று பெயர். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரைச் சேர்ந்த ஹென்றி கிளிஃப்டன் சார்பி 1860களில் எஃகை இப்படி மெருகேற்றி, அமிலத்தில் தோய்த்து, நுண்ணோக்கியில் பார்த்துக் காட்டினார். அதற்கு முன் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இரும்போடு வாழ்ந்த மனிதகுலம் அதன் உட்புறத்தை இவ்வாறு பார்த்ததில்லை.

அதே எஃகை 900 டிகிரிக்குமேல் காய்ச்சினால் இந்த வரிகள் கரைந்து மறையும். அணுக்களின் அடுக்கே மாறி, கார்பன் முழுவதும் இரும்புக்குள் கரைந்துவிடும். மெதுவாக ஆறவிட்டால் கார்பன் பிரிந்து வந்து மறுபடி பியர்லைட் உருவாகும். சட்டென்று குளிர்வித்தால் கார்பனுக்குப் பிரிந்து வர நேரமில்லை, உள்ளேயே சிக்கிக்கொள்ளும். சிக்கியதால் இரும்பின் அடுக்கு ஒரு பக்கமாக நீண்டு கோணிக்கொள்ளும். அப்படிக் கோணிய அடுக்கின் பெயர் மார்ட்டென்சைட். மிகக் கடினமானது. கொல்லர் தண்ணீரில் தோய்த்து உண்டாக்கியது இதைத்தான்.

இன்றைய கார்களில் பயணிகளைச் சுற்றியிருக்கும் தூண்கள் பலவற்றை இந்த முறையில்தான் செய்கிறார்கள். சிறிதளவு போரான் கலந்த எஃகுத் தகட்டை 900 டிகிரிக்குமேல் காய்ச்சி, செக்கச் சிவந்த நிலையிலேயே நீரோட்டத்தால் குளிர்விக்கப்பட்ட அச்சுக்குள் வைத்து அழுத்துவார்கள். அச்சுதான் வடிவம் கொடுக்கிறது. குளிர்விப்பதும் அதே அச்சுதான். சூடாக இருக்கும்போது களிமண் போல வளைந்த தகடு, வெளியே வரும்போது 1,500 மெகாபாஸ்கல் வலிமையோடு வருகிறது. ஒரு சதுர மில்லிமீட்டர் குறுக்குப் பரப்பில் ஏறத்தாழ 150 கிலோ எடையைத் தொங்கவிடலாம் என்று பொருள். சாதாரணக் கார்த் தகடு தாங்குவது இதில் ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே குறைந்த எடையில் கூடுதல் பாதுகாப்பு. இதில் அடங்கியிருக்கும் அறிவு கொல்லரின் தோய்ச்சலேதான். அதை நொடிக் கணக்கில் அளந்து செய்கிறார்கள்.

ஒட்ட மறுப்பவற்றை ஒட்டவைப்பது

டயருக்கு வருவோம். ரப்பர் பாலிலிருந்து வரும் ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். 1839இல் சார்லஸ் குட்இயர் அதைக் கந்தகத்தோடு சூடாக்கினால் நிலைத்த நெகிழ்ச்சி கிடைப்பதைக் கண்டார். நீண்ட ரப்பர் மூலக்கூறுகளுக்கு இடையே கந்தகம் பாலம் போடுகிறது. பாலம் குறைந்தால் டயர் குழையும், மிகுந்தால் கல்லாகும். இதிலும் பதம்தான்.

லாரி டயருக்குள் எஃகுக் கம்பிகள் ஓடுகின்றன. எஃகும் ரப்பரும் தாமாக ஒட்டாது. அதனால் கம்பியின் மேல் மிக மெல்லிய பித்தளைப் பூச்சு கொடுக்கிறார்கள். டயர் அச்சில் வேகும்போது ரப்பரில் இருக்கும் அதே கந்தகம் பித்தளையின் தாமிரத்தோடு சேர்ந்து தாமிர சல்பைடாகி, ரப்பரையும் கம்பியையும் பிணைத்துவிடுகிறது. ஒரே கந்தகத்துக்கு இரண்டு வேலை. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கனத்த சுமையோடு ஓடும் ஒவ்வொரு லாரியும் மனித முடியின் பருமனைவிடப் பல மடங்கு மெல்லிய அந்தப் படலத்தை நம்பித்தான் ஓடுகிறது. உலோகம் மட்டும் தெரிந்தவருக்கும் ரப்பர் மட்டும் தெரிந்தவருக்கும் இது எட்டாது. இரண்டின் எல்லையில் நிற்கத் தெரிந்தவர் வேண்டும். உலோகவியல் என்று இருந்த துறைகள் பல இடங்களில் ‘உலோகவியல் மற்றும் பொருள் பொறியியல்’ என்று பெயரை விரித்துக்கொண்டதற்கு இப்படிப்பட்ட தேவைகளே காரணம்.

கைபேசி ஆலையிலும் இதே கதை. மின்னணுச் சில்லுகளைச் சுற்றுப்பலகையோடு இணைக்கும் பற்றாசு முன்பு ஈயமும் வெள்ளீயமும் கலந்தது. 183 டிகிரியில் உருகும். ஈயம் நஞ்சு என்பதால் 2006 முதல் ஐரோப்பிய ஒன்றியம் மின்னணுக் கருவிகளில் அதைத் தடைசெய்தது. மாற்றாக வந்த வெள்ளீயம்–வெள்ளி–தாமிரக் கலவை 217 டிகிரிக்கு மேல்தான் உருகத் தொடங்கும். முப்பத்துச் சொச்சம் டிகிரி கூடியதால் பலகை, அடுப்பு, சில்லின் உறை எல்லாவற்றையும் மறுபடி யோசிக்க வேண்டியிருந்தது.

நான்கு ஆண்டுகளில் என்ன படிப்பார்கள்

முதலாண்டில் மற்றப் பொறியியல் மாணவர்கள் படிக்கும் கணிதம், இயற்பியல், வேதியியல்தான். இரண்டாம் ஆண்டில் படிப்பின் முகம் தெரியும். வெப்ப இயக்கவியல், படிகங்களின் அமைப்பு, எந்த வெப்பத்தில் எந்தக் கலவை எந்த நிலையில் இருக்கும் என்று காட்டும் நிலை வரைபடங்கள். இரும்பு–கார்பன் வரைபடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு வரையும் அளவுக்குப் பழக வேண்டும். 727 டிகிரி என்ற எண் பெயர் போலப் பழகிவிடும். கார்பன் எஃகை மெல்ல ஆறவிடும்போது பியர்லைட் பிறக்கும் வெப்பம் அது. மூன்றாம் ஆண்டில் வெப்பப் பதப்படுத்தல், பொருள்கள் உடையும் விதம், அரிப்பு, பாலிமர், மட்பொருள், கலப்புப் பொருள். கூடவே எக்ஸ் கதிர், மின்னணு நுண்ணோக்கி கொண்டு ஆராயும் முறைகள். நான்காம் ஆண்டில் திட்டப்பணி, ஆலைப் பயிற்சி.

ஆய்வகத்தில் இழுத்துப் பார்ப்பார்கள், அடித்துப் பார்ப்பார்கள், அழுத்திப் பார்ப்பார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். எஃகுக்கு அந்தப் பழமொழியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதையும் இங்கேதான் கற்பார்கள். வார்ப்பின் ஓரம் முதலில் ஆறும், நடு கடைசியில் ஆறும். இரண்டின் பதமும் வேறு. எந்த இடத்திலிருந்து துண்டை வெட்டினோம் என்று குறிக்காத சோதனைக்கு மதிப்பில்லை.

எங்கே படிக்கலாம்? 1959இல் தொடங்கிய சென்னை ஐ.ஐ.டி.யிலும், திருச்சி என்.ஐ.டி.யிலும் உலோகவியல் மற்றும் பொருள் பொறியியல் துறைகள் இருக்கின்றன. கிண்டி பொறியியல் கல்லூரியில் பொருளறிவியல் பொறியியல் என்ற பெயரிலேயே பி.இ. படிப்பு உண்டு. கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் சேலம் அரசுப் பொறியியல் கல்லூரியும் உலோகவியல் கற்பிக்கின்றன. ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்குக் குரோம்பேட்டை எம்.ஐ.டி.; மட்பொருளுக்கு அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி; பிளாஸ்டிக்குக்குக் கிண்டியில் 1968 முதல் இயங்கும் சிப்பெட். மின்கலமும் அரிப்புத் தடுப்பும் ஈர்த்தால் காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் நிதியிலும் 1948இல் அடிக்கல் நாட்டி எழுப்பிய நிறுவனம் அது. மின்வண்டிகளுக்கு மின்கலம் தேடும் இக்காலத்தில் அவருடைய தொலைநோக்கு இன்னும் தெளிவாகத் தெரிகிறது. ஆய்வில் தொடர விரும்புவோருக்குக் கல்பாக்கத்தின் அணு ஆராய்ச்சி மையம் 1971 முதல் உலோகங்களின் நடத்தையை ஆராய்ந்துவருகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் படிப்பு எளிதன்று. கணினிப் படிப்பைப் போல முதல் மாதத்திலேயே பலன் கண்ணில் படாது. படித்தவர் பலர் மென்பொருள் வேலைக்குப் போவதும் உண்மை. துறையிலேயே நிற்க விரும்புகிறவர் மேற்படிப்புக்கும், ஆலைத் தளத்தில் சில ஆண்டுகள் எண்ணெயும் சூடும் பட்டுப் பழகுவதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ள வேண்டும். ஆனால் அப்படி நின்றவரிடம் இருக்கும் அறிவு சீக்கிரம் பழசாகாது. கார்பன் அணுவின் நடத்தை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை.

ஒரு போல்ட் உடையும்போது

இந்த அறிவின் அருமை உற்பத்தி சீராக ஓடும் நாளில் தெரியாது; ஒன்று உடைந்த நாளில்தான் தெரியும். ஒரு போல்ட்டை எடுத்துக்கொள்வோம். வலிமை மிக்க எஃகு. துருப்பிடிக்காமல் இருக்கத் துத்தநாக முலாம் பூசியிருக்கிறார்கள். முறுக்கிப் பொருத்தியபோது நன்றாக இருந்தது. மறுநாள் யாரும் தொடாமலேயே தலை தெறித்து விழுந்தது. எஃகின் கலவை சரி, கடினத்தன்மை சரி, முறுக்கிய அளவும் சரி. பிழை எங்கே?

முலாம் பூசும் தொட்டியில் உண்டாகும் ஹைட்ரஜன் அணுக்கள் எஃகுக்குள் நுழைந்துவிடுகின்றன. ஹைட்ரஜன் அணு மிகச் சிறியது; எளிதாக ஊடுருவும். இழுவிசையில் இருக்கும் எஃகில் அது விசை மிகுந்த இடத்தைத் தேடிச் சேர்ந்து, உள்ளிருந்தே விரிசலை வளர்க்கிறது. தீர்வு மிகச் சாதாரணமானது. முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் போல்ட்டை ஏறத்தாழ 200 டிகிரி அடுப்பில் பல மணி நேரம் வைத்தால் போதும், ஹைட்ரஜன் வெளியேறிவிடும். அந்த ஓர் அடுப்பு நேரத்தைக் குறைத்தால் உற்பத்தி கொஞ்சம் வேகமாகும். யாரோ ஒருவருடைய பிரேக்கைப் பிடித்திருக்கும் போல்ட் தெறிக்கும். இதை அறிந்தவர் ஆலையில் ஒருவராவது இருக்க வேண்டும். அவர் சொல்வதைக் கேட்கும் நிர்வாகமும் இருக்க வேண்டும். பொருளறிவியல் பொறியாளருடைய வேலையின் அறம் அங்கேதான் இருக்கிறது.

ஃபாரடே தவறவிட்டது

நம் மண்ணுக்கு இந்த அறிவு புதிதன்று. ஈரோட்டுக்கு அருகே கொடுமணலில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. தென்னிந்தியாவில் மூசை என்னும் மண்கலத்தில் உருக்கிய உயர்கார்பன் எஃகை ஐரோப்பியர் ‘வூட்ஸ்’ என்று அழைத்தார்கள். கன்னடத்தின் ‘உக்கு’ என்ற சொல்லிலிருந்து அது வந்தது என்பார்கள். நம் ‘உருக்கு’ அதற்கு உறவு.

அந்த எஃகின் ரகசியத்தைத் தேடி மைக்கேல் ஃபாரடே 1819இல் அதைப் பகுப்பாய்வு செய்தார். அதன் சிறப்புக்கு அதில் கலந்திருக்கும் சிலிக்கா, அலுமினா போன்றவையே காரணம் என்று கருதினார். அது சரியன்று. உயர்ந்த கார்பன் அளவும், மூசையில் அது மெல்ல ஆறிய விதமும், அதிகச் சூடு காட்டாமல் பொறுமையாக அடித்து நீட்டிய விதமும் சேர்ந்துதான் அந்தக் கத்திகளில் அலையலையான வரிகளையும் உறுதியையும் தந்தன. அத்தனை பெரிய அறிவியலாளரும் ‘இதில் என்ன கலந்திருக்கிறது’ என்று தேடினார். ‘இது எப்படி ஆறியது’ என்ற கேள்விக்கு விடை காணும் கருவிகள் அன்று இல்லை. நம் உருக்குக் கொல்லர்களுக்கு அந்த விடை கையில் தெரிந்திருந்தது; காரணம் எழுதிவைக்கப்படவில்லை. எழுதாததால் உலைகள் அணைந்தபோது அறிவும் அணைந்துபோனது.

அந்த இழப்பு இன்னொரு முறை நேரக் கூடாது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து முதல் கார் வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. பொருத்தத் தெரிந்த கைகள் இந்தச் சாலையின் இருபுறமும் ஏராளமாக வளர்ந்துவிட்டன. எந்தப் பொருள், எந்தச் சூடு, எத்தனை நொடி என்று தீர்மானிக்கும் அறிவும் இதே ஊர்களில் வேரூன்ற வேண்டும். ஆலைகள் தங்கள் சோதனைக்கூடங்களைப் பக்கத்துக் கல்லூரி மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும். கல்லூரிகள் உடைந்த போல்ட்டையும் தெறித்த கண்ணாடியையும் வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். பொறியியல் கலந்தாய்வில் பிள்ளையோடு உட்கார்ந்து பட்டியலைப் பார்க்கும்போது, உலோகவியல், பொருளறிவியல், மட்பொருள் தொழில்நுட்பம், ரப்பர் தொழில்நுட்பம் என்ற பெயர்கள் கண்ணில் படும். கேள்விப்பட்ட பெயர் இல்லை என்பதற்காக உடனே அடுத்த வரிக்குப் போய்விடாதீர்கள். ஒரு பொருள் ஏன் வளைகிறது, ஏன் உடைகிறது என்று சிறு வயதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையானால், அந்த வரியில் விரலை வைத்து அவரோடு பத்து நிமிடம் பேசுங்கள்.